தனபாலுக்கும் அதே அளவுதான்

கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் தனபாலுக்கு வேலை. மத்தியானச் சோற்று நேரத்தில் அவனிடம் எதைக் கேட்டும் பிரயோஜனமில்லை. கண் திறந்திருக்கும், ஆள் வண்டிப்பெரியாரில் இருப்பான். அங்கே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொடுக்கும் முப்பிடாதி, வீடியோவில் வரும் நேரம் அது.

வருவாள் என்பதே பெரிய வார்த்தை. சிரிக்க வாய் திறப்பாள், அப்படியே நின்றுவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியும் நிற்கும். நின்றுபோன அந்தச் சிரிப்பைப் பார்த்தபடியே இவன் கல்யாணம் முடித்து, குடித்தனம் நடத்தி, அவளோடு சண்டைகூடப் போட்டுவிடுவான். அடேயப்பா, என்ன மனுஷன்!

இந்தக் கூத்துக்குக் காரணமும் அவனேதான். ஆலையின் தகரக் கொட்டகைக்குள் செல்போன் சிக்னல் எட்டாது. ஆலை வைஃபைதான் கதி. முன்பெல்லாம் தொழிலாளர்களில் நாலு பேர் சினிமா பார்த்தால் மற்றவர்களுக்கு ஊரிலிருக்கும் பிள்ளையின் முகம் தெரியாது. அதனால் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் வேகம் என்று, எல்லார் இணைப்பும் கடந்துபோகும் பிராக்ஸி சர்வரில் வரம்பு வைத்தான். தன் பெயருக்கும் அதே அளவு. கூடுதல் கேட்டு வந்த மேனேஜரிடம், "எனக்கே அவ்வளவுதானுங்க சார்" என்று சொல்லித் தப்பித்தான்.

அன்று முப்பிடாதி பதற்றமாக இருந்தாள். "சாயங்காலம் கம்பத்துல இருந்து என்னையப் பொண்ணு பாக்க வாராக. வீட்டுல என்னத்தச் சொல்ல?"

தனபால் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். "என்னையக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டேவிட்டான்.

அவள் உதடு பிரிந்தது. படம் நின்றது. சத்தமும் நின்றது.

தன் பெயருக்கு நேரே இருக்கும் வேக வரம்பை மாற்றினால் போதும், பதில் வந்துவிடும். கை கீபோர்டுக்குப் போய்விட்டது. திரையில், ஊரைவிட்டு வந்து ஆலையில் வேலை பார்க்கும் மற்றவர்களின் பெயர்கள் இருந்தன: பிகாஷ், சுதீப், ரூபேஷ். எல்லாருமே அந்நேரம் யாரோ ஒருவரின் முகம் அசையக் காத்திருப்பவர்கள். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. கையை எடுத்துக்கொண்டான்.

காத்திருந்த நேரத்தில் அவளைக் கம்பத்து மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, அந்தக் கல்யாணத்துக்கும் போய், பந்தியில் உட்கார்ந்து அழுதான்.

படம் அசைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கட்டிக்கிடுதேன்னு சொல்லி எம்புட்டு நேரமாச்சு! ஆஸ்பத்திரி போன்ல எங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். உங்களுக்கு இன்னும் வந்து சேரலையா?"