போல்ட் இழுக்காத துப்பாக்கி

இன்று மதியம் சாத்தூரிலிருந்து சிவகாசி வந்த பஸ்ஸில் ஒரு பழைய போர்ப் படம் ஓடியது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பக்கத்து சீட் அக்காவிடம், "அந்தக் காலத்து ரைபிள்ல ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளணும்க்கா. இவன் இழுக்காமலே ஏழு தடவை சுட்டுட்டான்" என்றேன்.

"அது துப்பாக்கிச் சத்தமே இல்ல தம்பி, சரவெடி. தினமும் நாங்க பின்னுறதுதான்" என்றார்.

அடுத்த காட்சியில் பீரங்கி வெடித்தது. மொத்த பஸ்ஸும் ஜன்னல் பக்கம் திரும்பிப் புகையைத் தேடியது. அக்கா அதற்குள் போனை எடுத்துவிட்டார். "மக தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில வேலைக்கு நிக்கா."

"படந்தாங்க, உக்காருங்க" என்று கண்டக்டர் டிவி சத்தத்தை நிறுத்தினார். சிலர் சிரித்தார்கள். திரையில் சத்தமில்லாமல் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மறுபடியும் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மூன்றாவது தடவை அடித்தபோதுதான் மகள் எடுத்தாள். அக்கா போனை வைத்துவிட்டு, "அவ கம்பெனி இல்லயாம்" என்றார்.

அப்படியானால் வெடித்தது எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் இன்னும் போனைக் காதில் வைத்திருந்தார்கள்.

அந்த ஹீரோ கடைசியிலாவது போல்ட்டை இழுத்தானா என்று படம் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் பஸ்ஸில் யாரும் பார்க்கவில்லை.