கேபிள் செருகினால் ஓடிய ஆட்டோ

ஸ்டெல்லா அக்காவின் மின்சார ஆட்டோ ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டதாக போன் வந்தது. பேட்டரி நாங்கள் கொடுத்தது.

"சவாரி ஏறி உக்காந்துட்டாங்க மேடம். சாவியத் திருப்புனா அப்படியே கெடக்கு. ஸ்கூல் டிரிப்புல இப்படி நின்னா, புள்ளைங்கள வேற ஆட்டோவுக்கு மாத்திருவாங்க."

துவாக்குடியில் ஒரு சின்ன பேட்டரி கம்பெனியில் அப்போது நான் ஃபர்ம்வேர், அதாவது பேட்டரிக்குள் ஓடும் புரோகிராம், எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பேட்டரிக்குள் செல்களின் வோல்டேஜையும் சூட்டையும் அளக்கும் சிப்கள் அடுக்காக இருக்கும். அவற்றிடம் அளவு கேட்கும் கன்ட்ரோலர் கீழ் சிப்பிடம் மட்டும்தான் பேசும். அது கேள்வியைத் தனக்கு மேலிருக்கும் சிப்புக்குக் கடத்தும். பதிலும் அப்படியே கைமாறி இறங்கி வரும். ஒரு பதில் வராவிட்டாலும் கன்ட்ரோலர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அக்காவின் வண்டியில் மேல் சிப்பின் பதில்தான் வரவில்லை என்று எரர் பதிவு காட்டியது.

வண்டியை வரவழைத்து லேப்டாப்பைச் செருகினேன். எல்லா சிப்பும் ஒழுங்காகப் பதில் சொன்னது. கனெக்டரை ஆட்டிப் பார்த்தேன். மோட்டார் ஒயரைத் தள்ளிக் கட்டினேன். போர்டையே மாற்றினேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் போய்வந்தேன். ஒரு எரர்கூட இல்லை. மறுநாள் மறுபடியும் போன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பதில் வராட்டி துண்டிக்கிற அந்த எரர் செக்கை எடுத்துருங்க. வண்டி ஓடும்ல?" என்றார் மேனேஜர்.

"மேல இருக்குற செல் சூடானா நமக்குத் தெரியாது சார். அதுக்கு மேலதான் புள்ளைங்க உக்காருவாங்க."

"அப்ப பிரச்சனை என்னன்னு சொல்லுங்க."

கண்டுபிடிக்கிறேன் என்றேன். செக்கை எடுக்கவில்லை.

அடுத்த நாள் ராஜகோபுரம் ஆட்டோ ஸ்டாண்டில் லேப்டாப்பைச் செருகியபடி அக்காவோடு காத்திருந்தேன். எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் வண்டி கிளம்பியது. "நீங்க இருந்தா மட்டும் நல்ல புள்ளையா நடிக்குது," என்று சலித்துக்கொண்டார் அக்கா. கேபிளைக் கழற்றி லேப்டாப்பைப் பைக்குள் வைத்துவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் அசைவே இல்லை.

பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். லேப்டாப் இருந்தால் அது ஓயாமல் டேட்டா கேட்கும். கன்ட்ரோலரும் ஓயாமல் சிப்களோடு பேசும். லேப்டாப் இல்லாமல் வண்டி சும்மா நின்றால் பேச்சு நின்றுவிடும், சிப்கள் தூங்கிவிடும். எழுப்பும் சிக்னல் கீழிருந்து ஒவ்வொன்றாகத்தான் மேலே போகும். மேல் சிப் எழுவதற்கு முன்பே என் புரோகிராம் கேள்வி கேட்டுவிட்டது.

கடைசி சிப் எழும்வரை காத்திருந்து கேட்கும்படி மாற்றினேன். அதன்பின் அந்த வண்டி அப்படி நிற்கவில்லை. ஸ்கூல் டிரிப்பும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன்பும் சில நாள் வண்டி சும்மா நின்ற பிறகு ஒழுங்காகக் கிளம்பியதே, அன்றைக்கு மட்டும் அந்த மேல் சிப் எப்படிச் சீக்கிரம் எழுந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேபிளைச் செருகிய நிமிடமே அது வாடிக்கையாளர் ஓட்டும் வண்டி இல்லை. கழற்றிவிட்டும் சோதித்துப் பாருங்கள்.