பஞ்சநதத்தின் வயிற்றுக்கு ஓட்டெடுப்பு

பஞ்சநதம் எதையும் தானாக முடிவு செய்தவர் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த வயல் உண்டு. என்ன ரகம் விதைப்பது என்று பக்கத்து வயல் துரைராசு சொல்வார். என்ன சட்டை போடுவது என்று மனைவி பிரகதாம்பாள் சொல்வார். அதனால், குடலிறக்கத்தைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் சான்ட்ரா கேட்ட கேள்வி அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம். இப்ப வலி இல்லாததால கொஞ்ச நாள் பார்த்துக்கிட்டும் இருக்கலாம். ரெண்டுலயும் உள்ள நல்லது கெட்டது சொல்லிட்டேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பஞ்சநதம் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

அடுத்த முறை ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்தார். டாக்டர் அறையிலேயே கை தூக்கி ஓட்டெடுப்பு நடந்தது. புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொள்ள வந்திருந்த சகாயம்மாளும் எட்டிப் பார்த்து ஒரு கை தூக்கினார். ஆபரேஷன் அமோகமாக ஜெயித்தது.

"வயிறு யாரோடது?" என்றார் டாக்டர். எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

"உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க டாக்டரம்மா?"

"அப்பா வெளியிலதான் உக்காந்திருக்காரு. அவருக்கும் இதேதான், வலி வேற. வர்றவங்ககிட்டல்லாம் அவரே சொல்லிக்கிட்டிருக்காரு. ஆபரேஷன்னா மட்டும் வேணாங்கிறாரு. போய்ப் பேசிப் பாருங்களேன்."

டாக்டரின் அப்பா, தேங்காய் வியாபாரி ஜோசப்ராஜ், இடுப்புப் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். பஞ்சநதம் பக்கத்தில் உட்கார்ந்ததும் மனசைத் திறந்துவிட்டார்.

"மயக்கத்துல காய் கொள்முதல் விலையை உளறிட்டேன்னா? மகள்கிட்ட இதை எப்படிங்க கேக்கிறது?"

பஞ்சநதமே உள்ளே போய்க் கேட்டார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போகும். முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. உளற மாட்டீங்க."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜோசப்ராஜுக்கு உயிர் வந்தது. மகளே கத்தி வைக்க வேண்டாமென்று தஞ்சாவூரில் வேறொரு டாக்டரிடம் செய்துகொள்ள அப்போதே சம்மதித்துவிட்டார்.

பஞ்சநதத்துக்கோ வியர்த்தது. "முழிச்சுக்கிட்டா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார்: "எனக்கு வலி இல்லம்மா. சம்பா அறுவடை முடியட்டும். அதுக்குள்ள இந்தப் புடைப்பு கல்லு மாதிரி இறுகினாலோ, வாந்தி வந்தாலோ உடனே ஓடி வந்துடறேன்."

"சரிங்க. தெளிவா சொல்லிட்டீங்க."

வேனில் ஒரே கூச்சல். "அப்ப நாங்க போட்ட ஓட்டு?" என்றார் துரைராசு. பஞ்சநதம் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். மனசு நிறைந்திருந்தது.

அறுவடை முடிந்ததும் அவரே பஸ் ஏறிப் போய், "பண்ணிடலாம்மா" என்றார். ஆபரேஷன் மேஜையில் நர்ஸ், "பாட்டு போடவாங்க?" என்று கேட்டார். பஞ்சநதம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசித்து முடிப்பதற்குள் தையல் போட்டுவிட்டார்கள்.