அடுத்த எழுத்தைச் சொல்லக் கூடாது

எனக்குப் பொறுமை கிடையாது. உலை கொதிக்கும் முன்பே மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். யாராவது பேச்சை இழுத்தால் மீதியை நானே முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். என் கணவர் எங்கள் கல்யாணமான புதிதில் சொல்ல ஆரம்பித்த சில கதைகளை இன்றுவரை முடித்ததில்லை. இப்படிப்பட்ட என்னைத்தான், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதே வேலையாக உள்ள ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

நெய்யாற்றின்கரைக்கு வெளியே, பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரப்பர் ஷீட் காயப்போட்ட ஒரு வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் எங்கள் கம்பெனி. கப்பல்களில் பொருத்தும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எழுதும் அறைக்கு இணையம் இருக்கக் கூடாது என்பது வேலை தந்தவர்களின் நிபந்தனை. இணையம் இருந்தும் அதைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அந்த அறையின் கம்ப்யூட்டர்களிலிருந்து ஒரு கம்பிகூட வெளியே வராது. செல்போன், வாட்ச், பென் டிரைவ் எல்லாம் வாசலில் உள்ள லாக்கரில். உள்ளே இருப்பவரோடு பேச ஒரு பழைய இண்டர்காம் மட்டும் உண்டு.

ஊரில் மற்றவர்கள் தாங்கள் எழுதிய நிரல்களை எங்கோ இருக்கும் யாருடைய கம்ப்யூட்டரிலோ போட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நாங்கள் அதற்கான சர்வரையும் அறைக்குள்ளேயே வைத்து நாங்களே பராமரிக்க வேண்டும். அதற்கு அப்டேட் வந்தால் தானாகப் போய்ச் சேராது. ஒரு பதிப்பை விட்டு அடுத்ததற்குத் தாவவும் முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வெளி அறையில் நான் டவுன்லோட் செய்து, வைரஸ் பார்க்கும் தனிக் கம்ப்யூட்டரில் ஓட்டி, கேபிளில் மாட்டும் ஒரு டிஸ்கில் ஏற்றி, வாசல் காவலரிடம் கொடுப்பேன். அவர் உள்ளே கொடுப்பார். உள்ளே அதை வாங்கி சர்வரில் ஏற்றுகிறவன் குன்னத்துகால் ஊர்க்காரன். என்னைவிடச் சில வயது இளையவன், என்னை அக்கா என்பான். வேலையில் இரண்டு பேரும் சமம்.

அவனுக்குப் பேச்சு திக்கும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிற திக்கல் இல்லை. வாய் திறக்கும், சத்தம் வராது. குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீருக்கு நிற்பதுபோல எதிரே இருப்பவர் நிற்க வேண்டும். யார் நிற்பார்கள்? எல்லாரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. உதவி செய்வதாக நினைத்து மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். சாயாக்கடையில் பழம்பொரி கேட்க வாயெடுப்பான், கடைக்காரர் "பருப்புவடைதானே?" என்று தட்டில் வைத்துவிடுவார். இவன் தலையாட்டிவிட்டுப் பருப்புவடையைத் தின்பான். காதுவலி என்று போன இடத்தில் டாக்டர் "வலது காதா?" என்று கேட்டதற்குத் தலையாட்டி, வலிக்காத காதுக்கு மருந்து வாங்கி வந்த மனிதன் அவன்.

எனக்கு ஒருநாள் கோபம் வந்துவிட்டது. "எலே, இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? காது ஒனக்க காதாக்கும்."

"போட்டும் அக்கா," என்றான், கொஞ்ச நேரம் கழித்து. "அந்தக் காதும் நல்லா இருக்கட்டும்."

டிஸ்க் உள்ளே போனதும் நாங்கள் இரண்டு பேரும் செய்கிற ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீண்ட குறி உண்டு, செக்சம் என்பார்கள். ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்தும் எண்ணுமாகக் கலந்து அறுபத்து நாலு நிற்கும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் குறி முழுவதும் வேறாகிவிடும். மூல ஃபைலின் குறி காகிதத்தில் என் முன்னால் இருக்கும். உள்ளே வந்து சேர்ந்த ஃபைலின் குறியை அவன் திரையில் பார்த்து இண்டர்காமில் வாசிப்பான். நான் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போவேன். அந்தக் காகிதத்தையும் டிஸ்கோடு சேர்த்து அனுப்பினால், பூட்டோடு சாவியையும் கட்டி அனுப்பின கதையாகிவிடும். அதனால்தான் வாயால் வாசிப்பது.

இண்டர்காமில் பி, சி, டி, ஈ நாலும் ஒன்றுபோலக் கேட்கும். அதற்காக வெளிநாட்டு வார்த்தைகள் அச்சடித்த ஒரு அட்டை சுவரில் இருந்தது. அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றிலும் அவனுக்கு நாக்கு முட்டியது. பேசாமல் நாங்கள், ஆங்கிலத்தில் அந்தந்த எழுத்தில் தொடங்கும் எங்கள் ஊர்களையே எடுத்துக்கொண்டோம். ஏ அமரவிளை, பி பாலராமபுரம், சி செங்கல், டி தனுவச்சபுரம், ஈ எரிச்சல்லூர். எஃப்புக்கு இந்தப் பக்கத்தில் ஊரே இல்லாததால் ஃபயர் ஸ்டேஷன். பிறந்ததிலிருந்து பஸ் கண்டக்டர் வாயில் கேட்ட பெயர்கள் என்பதாலோ என்னவோ, முட்டுவது பாதியாகக் குறைந்தது.

விதி ஒன்றே ஒன்றுதான். வெளியே இருப்பவர் அடுத்த எழுத்தைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அந்த வாசிப்பு செல்லாது. விடை என் கண் முன்னால் கிடக்கிறது, அவன் அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் சில மாதம் எனக்கு நரகம். பிறகு ஒரு விஷயம் புரிந்தது. அவனுடைய நாள் முழுவதிலும் இந்த ஒரு பேச்சில்தான் யாரும் அவனை முந்தி ஓடுவதில்லை. அது புரிந்த பிறகு அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப் போனது, அவனையும்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, வேலை தந்தவர்களின் அதிகாரி ஒருவர் வருகிறார், அப்டேட் போடும் முறையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார் என்று செய்தி வந்தது. எங்கள் மேனேஜர் கோட்டுகால் ஊர்க்காரர், கெட்டவர் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அன்றைக்கு மட்டும் வேறு யாராவது வாசிக்கட்டும் என்றார்.

"எதுக்கு சார்?" என்றேன். "இதுவரைக்கும் ஒரு எழுத்து தப்பினது உண்டா?"

"தப்பினதுன்னு யாரு சொன்னா? அவங்க வந்து இருந்து, இவரு ஒண்ணும் பேசாம நின்னா, நம்மளெப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"நிதானமா வேலை பாக்குற கம்பெனின்னு நெனைப்பாங்க."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, கதவுக்கு வெளியே கேட்டிருக்கும். அதற்குள் அவன் சொன்னான்: "நான் வாசிக்கேன் சார்."

மேனேஜர் ஒத்துக்கொண்டார். சரி, ஆனால் அன்றைக்கு ஏதாவது தடைப்பட்டால் உள்ளே ஆளை நிரந்தரமாக மாற்ற வேண்டி வரும், உங்களை முன்பக்கம் சப்போர்ட்டுக்குப் போடுவேன் என்றார். சப்போர்ட் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை போன் எடுப்பது. அந்த வேலை வந்தால் ராஜினாமா செய்துவிட்டு அப்பாவோடு வாழை வைக்கப் போவேன் என்று அவன் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறான். விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

அந்த நாள் வந்தது. அதிகாரி கொச்சியிலிருந்து வந்த ஒரு பெண்மணி, இரக்கமான முகம். என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேனேஜர் எங்கள் பின்னால். அதிகாரி எங்கள் ஊர்ப் பட்டியலை வாசித்து, ஃபயர் ஸ்டேஷனுக்கு வந்ததும் சிரித்தார். டிஸ்க் உள்ளே போய்ச் சேர்ந்தது. இண்டர்காமை ஸ்பீக்கரில் போட்டேன். காகிதத்தில் முதல் எழுத்து டி.

"வாசிக்கலாம்," என்றேன்.

சத்தம் இல்லை. ஏசி இரைவது மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. அந்த மௌனம் எனக்குப் பழக்கம். அவன் வாய் திறந்திருக்கும், கை மேசை விளிம்பைப் பிடித்திருக்கும். ஆனால் அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, அழுகிற பிள்ளையிடம் பேசுவதுபோன்ற மெல்லிய குரலில், இண்டர்காமை நோக்கிச் சாய்ந்து, மலையாளத்தில், "தனுவச்சபுரம், அல்லே?" என்றார்.

விதிப்படி அந்த வாசிப்பு அப்போதே செத்துவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் இவர்கள் முன்னால். சொல்லாமல் விட்டால் இத்தனை நாள் நான் நாக்கைக் கடித்ததற்கு அர்த்தமே இல்லை. மேனேஜர் என் தோளுக்குப் பின்னாலிருந்து, "ஆமான்னு சொல்லச் சொல்லும்மா," என்று கிசுகிசுத்தார். நான் அசையவில்லை.

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு, "இல்ல."

ஒரு முட்டலும் இல்லாமல் வந்தது அந்த வார்த்தை. இன்னும் கொஞ்ச நேரம் போனது. "பாலராமபுரம்," என்றான்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பயத்தில் தப்பாக வாசிக்கிறான் என்று நினைத்திருப்பார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "மேல வாசி மக்கா," என்றேன். "ஏழு," என்றான். காகிதத்தில் நாலு. "செங்கல்." காகிதத்தில் ஒன்று. எதுவும் பொருந்தவில்லை. அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. அவன் திரையில் இருப்பதைச் சரியாகத்தான் வாசிக்கிறான். உள்ளே போன ஃபைல்தான் சரியில்லை. டிஸ்கில் ஏறி முடிவதற்குள் யாரோ அவசரப்பட்டுக் கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அவன் ஒரு "ஆமா" சொல்லியிருந்தால், மிச்சத்துக்கும் ஆமா போட்டுக் கடத்தியிருந்தால், பாதி அறுந்த அந்த ஃபைல் எங்கள் எல்லாருடைய உழைப்பும் இருக்கிற சர்வருக்குள் போயிருக்கும்.

இரண்டாவது டிஸ்கை நானே கண் இமைக்காமல் நின்று ஏற்றினேன். அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, "ஸாரி, இனி ஞான் மிண்டில்ல," என்று சொல்லி உதட்டின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலைக் கடைசி வரை எடுக்கவில்லை. தனுவச்சபுரத்தில் தொடங்கி அவன் அறுபத்து நாலையும் வாசித்தான். எட்டு இடத்திலாவது நின்றிருப்பான். எல்லாரும் கூடவே நின்றோம். முடிந்ததும் அதிகாரி கையெழுத்துப் போட்டார். அடுத்த முறையும் இவர்தானே வாசிப்பார் என்று மேனேஜரிடம் கேட்டார். பின்னெ, இவருதான் என்றார் மேனேஜர், வேறு யாரோ சந்தேகப்பட்டதுபோல.

சாயங்காலம் பாறசாலை பஸ்ஸுக்கு இரண்டு பேரும் ஸ்டாப்பில் நின்றோம். எனக்கு உள்ளே பொங்கிக்கொண்டிருந்தது. அவனைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எத்தனை நாளா நான் சொல்லுதேன், இல்லன்னு சொல்லிப் படின்னு. இன்னைக்கு அத்தனை பேரு முன்னால சொல்லிட்டியே மக்கா. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு."

அவன் சிரித்தான். ஏதோ சொல்ல வந்தான், முட்டியது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நான் மொதல்ல தலையாட்டிட்டேன் அக்கா," என்றான்.

"என்னது?"

"அந்த மேடம் தனுவச்சபுரம்னு சொன்ன உடனெ, பழக்கத்துல ஆட்டிட்டேன். நல்லா ஆட்டுனேன். பின்னெயும் நீங்க யாரும் ஒண்ணும் சொல்லல்ல. அப்பதான் ஓர்மை வந்துது, நான் ஆட்டுதது அங்க தெரியாதுல்லான்னு. நீங்க எல்லாரும் அப்பவும் காத்துட்டு இருந்திய. எனக்காக்கும் காத்துட்டு இருந்திய. அதுக்குப் பொறவு..."

அங்கே நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. ஆனாலும் அவன் சொல்லி முடிக்கவில்லை, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.