மென்னா தூண்டில் போட்ட முதல் நாள்

இருபத்தெட்டு வருஷம் மென்னா பியூ அந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள்கூடத் தூண்டில் போட்டதில்லை.

கார்வென் அணையின் காவலாளி அவள். மதகைத் திறப்பது, மூடுவது, காலையும் மாலையும் நீர்மட்டம் பார்ப்பது, உபரித்தண்ணீர் வழியும் கலிங்கில் வந்து அடைக்கும் செத்தையை வாரிப் போடுவது, சுவரில் எங்காவது ஈரம் கசிகிறதா என்று தடவிப் பார்ப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. அணையில் வேலை செய்கிறவர்கள் அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கக் கூடாது என்று சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் மென்னாவுக்கு. ஆனால் கண்ணுக்கு யார் பூட்டுப் போட முடியும்? மேலே நின்று குனிந்தால் ட்ரவுட் மீன்கள் தெரியும். யாரும் கொண்டுவந்து விடாத மீன்கள், அந்த மலைத்தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவை. எந்த மாதம் எந்தக் கல்லடியில் நிற்கும், எந்தக் காற்றுக்கு எந்தக் கரை சேரும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் புருஷன் டெக்வின் மீன் பைத்தியம். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். ஊர்த் தூண்டில் சங்கத்தில் முப்பது வருஷமாக உறுப்பினன். வருஷத்துக்கு ஏழு மீன் கிடைத்தால் அந்த வருஷம் திருவிழா.

"எங்க நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நீ கொறைஞ்சா போயிடுவ?" என்று சாப்பாட்டு மேசையில் கெஞ்சுவான்.

"உனக்குச் சொன்னா சங்கத்துல அத்தனை பேருக்கும் சொல்லணும். அணைக்காரி புருஷனுக்குன்னு தனி மீன் கிடையாது. இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு வச்சுக்க."

அப்படிப்பட்டவள் சனவரியில் ஓய்வு பெற்றாள். விருந்து முடிந்த நாலாம் நாள் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். குளிர்காலம் பூராவும் ரக்பி மைதானத்தில் டெக்வின் அவளுக்கு நூல் வீசப் பழக்கினான். முள்ளுக்குப் பதிலாகக் கம்பளித் துணுக்கு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அது கோல்கம்பத்தைச் சுற்றியது, டெக்வினின் காதைச் சுற்றியது, ஒருதடவை அந்த வழியாகப் போன பாதிரியாரின் நாயையும் சுற்றியது. என்ன பழகியும் எட்டு கஜத்துக்கு மேல் அவளுக்கு நூல் போகவில்லை. டெக்வின் இருபத்தைந்து கஜம் வீசுவான்.

மார்ச் இருபது, மீன்பிடிப் பருவம் திறக்கும் நாள். இரண்டு நாளாக விடாத மழை. விடியற்காலையில் கண் விழித்த மென்னா வீட்டுக்குப் பின்னால் ஓடை போடும் சத்தத்தைக் கேட்டதும் கட்டிலிலிருந்து குதித்தாள்.

"டெக்வின்! எழுந்திரு! அணையில தண்ணி ரெண்டடி ஏறியிருக்கும்!"

"வேலைய விட்டுட்டம்மா நீ. மறந்துபோச்சா? படு."

"படுக்கறதா? ரெண்டடிடா! இருபத்தெட்டு வருஷமா இந்தக் காலைக்குத்தான் காத்துக் கெடந்தேன்!"

கால்சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு தேநீர்க் குடுவையைத் தேடினாள். அறுபது வயசுக்காரியின் நெஞ்சு பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் நெஞ்சுபோல அடித்துக்கொண்டது.

அணைக்கட்டுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. மலை உச்சியில் இன்னும் பனித்திட்டுகள். மழையும் பனியும் கலந்து முகத்தில் ஊசியாகக் குத்தியது. சங்கச் செயலாளர் ஹெய்டன் கறிக்கடைக்காரர், கடையில் கூவிக் கூவி வளர்ந்த குரல்.

"மென்னா! இன்னிக்குச் சுவத்துல கசிவு பாக்க வேண்டாம்மா. உங்க ரப்பர் கால்சட்டையில கசிவு இருக்கான்னு பாத்துக்கங்க, போதும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மென்னாவும் சிரித்தாள்.

"தண்ணி ஏறிக் கலங்கிக் கெடக்கு. இன்னிக்கு ஒண்ணும் அகப்படாது. கடமைக்கு நாலு வீச்சு வீசிட்டு டீ குடிக்க வேண்டியதுதான்," என்றார் ஹெய்டன்.

மென்னா டெக்வினின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "என்கூட வா. ஹவோட் புல்வெளிக்கு."

"அங்கயா? முந்தாநேத்து வரைக்கும் ஆடு மேஞ்ச எடம் அது!"

"இன்னிக்கு மீன் மேயும்."

டெக்வின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "முட்டியளவு தண்ணிகூட இருக்காது. உனக்குத் தூரம் போகாதுங்கறதுக்காக மீன் வீட்டு வாசலுக்கு வருமா? நான் கல்முனைக்குப் போறேன். ஆழமான எடத்துலதான் பெருசு கெடக்கும்."

கேட்டபோதெல்லாம் சொல்லாதவள், வாய் திறந்து சொன்ன அன்றைக்கு அவன் கேட்கவில்லை. போகட்டும் என்று தனியாக நடந்தாள்.

ஹவோட் என்பது அணை கட்டியபோது மூழ்கிப்போன பண்ணை. அதன் மேட்டுப் புல்வெளி வெளியே இருக்கும், வெள்ளம் வந்தால் மட்டும் முழுகும். மீன் மிரளாமல் இருக்க, மென்னா தண்ணீருக்கு இருபது கஜம் முன்னாலேயே முழங்காலிட்டு விளிம்புவரை ஊர்ந்துபோனாள். புல்நுனிகள் தண்ணீருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தன. மண்புழுவும் வண்டும் சிலந்தியும் வளையிலிருந்து கிளம்பி மிதந்தன. அப்போது புல்லுக்கு நடுவே ஒரு முதுகுத்துடுப்பு வெளியே வந்து போனது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அங்கே ஒன்று. இதோ, காலடியில் ஒன்று!

கொக்கியை நூலில் முடிய நாலு தடவை ஆயிற்று. மீனை ஏமாற்ற, கறுப்பு உடம்பும் மயிலிறகுச் சுற்றும் வைத்து அந்தக் கொக்கியில் அவளே கட்டிய பொய் ஈ அது. முதல் வீச்சு பின்னாலிருந்த கோரையில் மாட்டியது. இரண்டாவது, நூல் மொத்தமும் அவள் தொப்பிமேல் குவிந்தது. மூன்றாவது ஆறே கஜம் போய்ப் பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான், வெடுக்கென்று ஓர் இழுப்பு!

"ஆத்தாடி!" என்று யாருமில்லாத மலையைப் பார்த்துக் கத்தினாள்.

ஒன்பது அங்குலம். வெண்ணெய் நிற வயிறு, பக்கத்தில் குங்குமம் வைத்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள். ஆசைதீரப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே திரும்ப விட்டாள். அடுத்த அரைமணியில் இன்னும் மூன்று. அதன்பிறகுதான் புல்வெளியின் கீழ்விளிம்பில், முழுகிக் கிடந்த பண்ணையின் பழைய கற்சுவர்ப் பக்கம் தண்ணீர் பானை உருண்டதுபோல ஒருதரம் புரண்டது.

ஈயைச் சுவரோரம் போட்டாள். நூல் நின்றது. பாறையில் மாட்டிக்கொண்டதாக நினைத்தாள். பாறை நகர்ந்தது! ரீல் அலறியது. மீன் சுவரோரமாகவே ஓடி, அப்படியே திரும்பிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நூல் கல்லில் உராய்வது கைக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும்.

அந்தச் சுவர் அவளுக்குத் தெரியும். வறட்சி வருஷங்களில் தண்ணீர் வற்றியபோது அதன் பக்கத்தில் நடந்திருக்கிறாள். நடுவில் வாசல் விட்ட இடைவெளி உண்டு. அதற்குப் போகும் வண்டிப்பாதை கல் பாவியது, இருபுறமும் புதைசேறு. மீன் போனது அந்த வாசல் வழியாகத்தான். மென்னா யோசிக்கவில்லை. தூண்டில் கழியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பாதையைக் காலால் துழாவியபடி தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. குளிர் எலும்பைக் கடித்தது.

"டெக்வின்! டேய் டெக்வின்!"

கல்முனையில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். மனைவி இடுப்பளவு தண்ணீரில் நின்று அலறுகிறாள். கழியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"பைத்தியமா உனக்கு? செத்துத் தொலைஞ்சா என்ன பண்றது?"

"அப்புறம் சாகறேன்! கைவலையக் கொண்டா! இடது பக்கம் கால் வச்சா சேறு, என் பின்னாலயே வா!"

வாசலுக்கு வந்ததும் கழியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிச் சுவரைச் சுற்றிக் கொண்டுபோனாள். உராய்வு நின்றது. இப்போது நடுவில் ஒன்றுமில்லை, அவளும் மீனும்தான். இரண்டு தடவை ஓடியது. இரண்டு தடவையும் விட்டுப் பிடித்தாள். மூன்றாவது தடவை பக்கவாட்டில் சாய்ந்து பளீரென்று பொன்னாக வந்தது. டெக்வின் வலையை வீசினான். தப்பிவிட்டது.

"பஸ் ஓட்டற மாதிரி ஓட்டாதடா! மெதுவா! வலையக் கீழ வை, அது தானா வரட்டும்!"

வந்தது. டெக்வின் வலையை மார்போடு அணைத்துக்கொண்டான். கூச்சல் கேட்டு ஓடிவந்த சங்கத்தார் கரையில் கூடி நின்றார்கள். ஹெய்டன் ஈர வலையிலேயே அளவுகோலை வைத்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடி வைத்துப் பார்த்தார்.

"பத்தொன்பதரை அங்குலம்," என்றார். கடைக் குரல் எங்கே போனதோ, கோயிலில் பேசுவதுபோலப் பேசினார்.

மென்னா மீனை இரு கையிலும் ஏந்தித் தண்ணீருக்குள் பிடித்தாள். அது மூச்சு வாங்கியது. பிறகு ஒரு வாலடியில் அவள் முகத்தை நனைத்துவிட்டுப் போய்விட்டது.

"எப்படிங்க மென்னா? ஆடு மேயற எடத்துல?" என்றார் ஹெய்டன்.

"தண்ணி ஏறினா புழு மெதக்கும், புழு மெதந்தா மீன் கரையேறி வரும். நீங்க எல்லாரும் இடுப்பளவு எறங்கி நின்னுக்கிட்டு மீனுக்கு அந்தப் பக்கமா வீசறீங்க. இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. நிக்காதீங்க! ஆளுக்குப் பத்து கஜம் விட்டு முட்டி போடுங்க!"

பதினோரு பெரிய மனிதர்கள் பனிமழையில் வரிசையாக மண்டியிட்டார்கள். ஹெய்டனுக்கு முழங்கால் மடங்காது என்பதால் அவர் மட்டும் அப்படியே உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கத்தினார், பிறகு இன்னொருவர், அப்புறம் யார் கத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. டெக்வினுக்கு மட்டும் ஐந்து மீன். ஐந்தாவதைப் பிடித்தபோது அவன் சிரித்தானா அழுதானா என்று மென்னாவுக்குப் பிடிபடவில்லை.

ஒரு மணி வாக்கில் நீர்மட்டம் நின்றது. துடுப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அன்றைக்கு மிக நீளமான மீனுக்குச் சங்கம் தரும் கோப்பை மென்னாவுக்குத்தான் என்பதில் யாருக்கும் மறுபேச்சில்லை. மறுநாள் அவளுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலை சீவிவிட்டது டெக்வின். சீவி முடிப்பதற்குள் அவள் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"காத்து தெக்குல திரும்பிடுச்சு. சீக்கிரம் முடி. இடது கையால வீச முடியுமான்னு பாத்துருவோம்."