தூம்பா வராத தெரு

அமெரிக்காவில் ஒரு கறுப்பரின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திப் போலீஸ்காரர் கொன்ற வீடியோவைப் பார்த்ததும் எங்கள் மாதா கோயில் பங்கில் ஊர்த் தெருக்காரர்களுக்கெல்லாம் மனசு பதறிவிட்டது. கோயில் வாசலில் பேனர் கட்டி மெழுகுவத்தி ஏற்றினார்கள். பாடல் குழுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார்கள். காலனியிலிருந்து போன நாங்கள் வழக்கம்போலப் பின்னால் நின்றோம். எனக்கும் அழுகைதான் வந்தது. ஆனால் கூடவே எரிச்சலும் வந்தது.

எங்கள் பங்கு கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது. நாங்கள் தலித் கத்தோலிக்கர்கள். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் ஒரே கோயில், ஒரே சாமியார், ஒரே நற்கருணை. செத்த பிறகுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பங்குக்குச் சொந்தமாக ஒரு தூம்பா உண்டு. சவப்பெட்டியை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிற நாலு சக்கர வண்டி. கறுப்புத் துணியும் வெள்ளிச் சரிகையும் உச்சியில் சிலுவையுமாகப் பார்க்க அம்சமாக இருக்கும். ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் அது வாசலுக்கே போகும். காலனிக்கு வராது. எங்கள் பெட்டியை நாங்கள் தோளில் தூக்கிப் போவோம். கேட்டால், வண்டியைத் திருப்ப இடம் பத்தாதாம்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். எங்கள் பங்குப் பேரவையின் துணைத் தலைவருக்கு அங்கேயே ஒரு வங்கியில் வேலை. ஊர்த் தெருக்காரர், நன்றாகப் படித்தவர். அந்த வீடியோவுக்குப் பிறகு கீழ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வாசகர் வட்டம் ஒன்றைத் தொடங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் நிறவெறியைப் பற்றிப் படிப்போம், பேசுவோம். என்னையும் கூப்பிட்டார், போனேன். அங்கே வரும் ஊர்த் தெரு ஆண்கள் ஒருவரையொருவர் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் மட்டும் டீச்சர்.

பொய் சொல்லக் கூடாது, அங்கே நிறையக் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவில் கறுப்பர்களுக்குத் தனிக் குழாய், பஸ்ஸில் தனி இருக்கை, சில தெருக்காரர்களுக்கு மட்டும் வீட்டுக்கடன் தராத வங்கிகள், அந்த பஸ்ஸில் ஏறாமல் ஜனங்கள் மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போனது என்று எல்லாமே அவர் சொல்லித்தான் தெரியும். ஒருநாள், “யாரும் தனியா கெட்டவனா இருக்க வேண்டியதில்ல. ஏற்பாடே அந்த வேலைய பாத்துக்கும்” என்றார். எனக்குப் பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்றுக்கு அப்போதுதான் வார்த்தை கிடைத்தது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது, “அப்ப நம்ம தூம்பா சார்?” என்று கேட்டேன்.

“அது வேற டீச்சர். அது ரோடு பிரச்சன” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தார். கடலூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா அதிகம் ஆசைப்பட்டவர் இல்லை. “எனக்கு அந்த வண்டி வரணும். வாசலுக்கு வரணும்” என்று மட்டும் கேட்டார். சரிம்மா என்றேன்.

இறந்த காலையில் துணைத் தலைவருக்குப் போன் செய்தேன். “மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு டீச்சர். ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. ஒரு தடவ விட்டா காலனிக்காரங்க ஜாஸ்தி பேசுவாங்க. எடமும் பத்தாது” என்றார். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. அறுப்பு மிஷின் வருகிறது. ஓட்டுக் கேட்டு வந்த வேனில் இவரே நின்று கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவின் பெட்டிக்கு மட்டும் இடம் பத்தவில்லை. போனைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

காலனிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி வந்தால்தான் பெட்டி எழும்பும் என்றார்கள். பங்குச் சாமியார் ஓடிவந்தார். சின்ன வயசுக்காரர், வேறு ஜில்லா. “ஆன்மாவுக்கு வண்டி முக்கியமாம்மா?” என்று கெஞ்சினார்.

என் பெரியம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே கேட்டார்: “அப்ப அவுங்க ஆன்மாவுக்கு மட்டும் எதுக்கு சாமி வண்டி?”

சாமியார் கோயில் பக்கம் திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆண்களோடு சேர்ந்து அவரே தூம்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவை ஏற்றியதும் அடிபம்புக்குப் பக்கத்தில் வண்டியைத் திருப்பினார்கள். ஒரே திருப்பில் திரும்பிவிட்டது. அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். இவ்வளவு சுலபமாகத் திரும்புகிற ஒன்றுக்காகவா இத்தனை பேரைத் தோளில் தூக்கினோம்!

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அடுத்ததாகச் செத்தது துணைத் தலைவரின் அப்பா. துக்கத்துக்குப் போனேன். வாசலில் சிதம்பரத்திலிருந்து வந்த கண்ணாடி வேன் ஏசி போட்டு, பூவால் மூடி நின்றிருந்தது. தூம்பா கொட்டகையிலேயே கிடந்தது. “சக்கரம் ஆடுது டீச்சர், அதான்” என்றார். அதற்குப் பிறகு ஊர்த் தெருவில் எந்தச் சாவுக்கும் அந்த வண்டி வெளியே வரவில்லை, எல்லாவற்றுக்கும் வேன்தான். கொட்டகைச் சாவியையும் காலனியில் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் போட்டு யாரும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. சண்டை இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எங்கள் பிணம் பட்ட வண்டியை அவ்வளவு மரியாதையாகத் தலைமுழுகினார்கள். அதைவிட அவர்கள் எங்கள் முகத்துக்கு நேராகத் துப்பியிருக்கலாம்.

தன் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் துணைத் தலைவர் மறுபடி வாசகர் வட்டத்துக்கு வந்தார். அமெரிக்காவில் ஒரு தெருவுக்குக் கறுப்பர் ஒருவர் குடி வந்தால், வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போய்விடுகிற கதையைச் சொன்னார். மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். “பக்கத்து வீட்ல மனுஷன் வந்ததுக்கு ஓடுறாங்க. எவ்ளோ கேவலம் பாருங்க!” மாமாக்களும் மச்சான்களும் ‘உச்’ கொட்டினார்கள்.

நான் எழுந்தேன். “அவுங்களும் சிதம்பரத்துலேர்ந்துதான் வேன் வரவழைச்சாங்களா சார்?” என்றேன்.

அவர் முகம் கறுத்துப்போனது. “டீச்சர், நாம உலக விஷயம் பேசிக்கிட்டு இருக்கோம். இங்க எதுக்கு நம்ம ஊர் சமாச்சாரம்?” என்றார்.

“எங்கம்மா செத்த ஊரு உலகத்துல இல்லையா சார்?” என்று கேட்டேன்.