கிணற்றடி ஆலிவ் மரம்

நஸ்மியேவுக்குக் கடல் பிடிக்காது. மீன் வாடை குமட்டும். உப்புக் காற்று பட்டால் முட்டி வலிக்கும். அப்படிப்பட்டவளுக்குத்தான் சாஸ்லிக் ஊரின் ஆக அழகான கடற்கரை சொந்தம். அழகு என்பது சுற்றுலாக்காரர்கள் வந்தபின் ஏற்பட்ட அபிப்பிராயம். அதற்குமுன் அது நாணலும் கொசுவும் மண்டிய சதுப்பு.

பாகம் பிரிக்க அவ்வூரில் ஒரே வழக்கம். மலையடிவாரத்து ஆலிவ் தோப்பு மகனுக்கு. அலை நக்கும் உப்பு மண் மகளுக்கு. சட்டம் சமபங்கு என்றது. ஊரார் சட்டத்தை மதிப்பவர்கள். பரப்பளவில் துளி குறையாமல் கொடுத்தார்கள்.

அப்பா இறந்தபோது நஸ்மியே ஒன்றே ஒன்று கேட்டாள்: தோப்புக் கிணற்றடியில் நின்ற கிழட்டு ஆலிவ் மரம். அதன் காயைப் பொறுக்கித்தான் சிறுவயதிலேயே அவள் விரல்கள் கோணிப்போயின. தம்பி ரிஃபாத் சிரித்தான்.

"பொண்ணுக்குக் கொடுத்த மரம் அடுத்த வீட்டுலதான் காய்க்கும், அக்கா. நீ போய் நண்டு பிடி."

அவள் நண்டு பிடிக்கவில்லை. கழுதையைக் கட்ட அந்த உப்பு மண் உதவியது.

பக்கத்து விரிகுடாவில் ஓட்டல் கட்டியவர்கள் இந்தப் பக்கமும் கண்வைத்த வருஷம், ரிஃபாத் ஒரு தட்டு நிறைய பக்லவா இனிப்போடு வந்து நின்றான். அதுவரை அவன் அக்கா வீட்டுப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

"வாடா தம்பி. செருப்புல மணல் ஒட்டுமே, பரவால்லையா?"

"கூடப் பொறந்தவ முன்னாடி மணலாவது மண்ணாவது! நீ கஷ்டப்படுறதப் பாக்க முடியலக்கா. இந்தக் கடக்கரைச் சேத்த எனக்கு எழுதிக் கொடுத்துரு. தோப்பையே முழுசா எடுத்துக்க."

"இந்தப் பாசம் எங்கடா இருந்துச்சு? ஓட்டல்காரன் வந்து தோண்டி எடுத்தானா?"

"உனக்கு எப்பவும் குத்தல் பேச்சுதான்."

நாற்றமடிக்கும் பாசம்தான். ஆனாலும் அவள் மனசு தோப்புக்குள் போய்விட்டது.

"முழுசா வேணாம். கிணத்தடி மரத்தக் கொடு. நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்."

ரிஃபாத் தட்டின் மூடியைத் தேவையில்லாமல் சரிசெய்தான். "அது நல்லா இருக்குக்கா. தெனமும் தண்ணி ஊத்துறாங்க."

"யாரு ஊத்துறா?"

"ஓட்டல்ல. வேரோட தோண்டி கிரேன்ல தூக்கிட்டுப் போனாங்க. பழைய மரம்னா அவங்களுக்கு உசுரு."

மறுநாள் நஸ்மியே போய்ப் பார்த்தாள். நீச்சல் குளத்தோரம், சிமெண்டு வளையத்துக்குள் மரம் நின்றது. உடம்பெல்லாம் சீரியல் பல்பு. சிறுவயதில் அவள் ஏறி உட்கார்ந்த கிளையில் யாருடைய ஈர ஜட்டியோ சொட்டிக்கொண்டிருந்தது.

"காய்க்குதா தம்பி?" என்று அங்கிருந்த பணியாளைக் கேட்டாள்.

"காய்க்க விடுவாங்களாம்மா? விழுந்தா தரையில கறை. பூ விடும்போதே மருந்தடிச்சு உதுத்துருவோம்."

அவளுக்கு வாய் கசந்து எச்சில் திரண்டது. துப்ப இடம் தேடினாள். எங்கும் பளபளக்கும் தரை. அசுத்தம் செய்ய மனசு வரவில்லை. நீச்சல் குளத்தில் துப்பினாள்.

வீட்டு வாசலில் ரிஃபாத் காத்திருந்தான். "எப்பக்கா கையெழுத்து?"

"மரத்தக் கொண்டாந்து கிணத்தடியில நட்டுட்டுக் கேளு."

"அது எப்படிக்கா முடியும்?"

"அப்ப நீ போய் நண்டு பிடி."

பக்லவாவைக் கழுதைக்கு வைத்தாள். அது தட்டையும் சேர்த்து நக்கியது. மறுநாள் காலையிலும் அதைக் கடற்கரையில் கட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வீடு திரும்பினாள்.